பேர் தெரியாத செட்டு மாத்திரை

பொறந்த மறுநாளே என் தங்கச்சி கொழந்த அழ ஆரம்பிச்சுது. பசிக்கு அழற அழுகை இல்ல அது. கீச்சுனு ஒரு குரல், தூக்கினாலும் நிக்காது. மார்ல வச்சா ரெண்டு இழுப்பு இழுத்துட்டு விட்டுடும். கை காலெல்லாம் வெடவெடன்னு நடுங்கும். தும்மிக்கினே இருக்கும்.

எங்க அம்மா, பாக்க வந்தவங்க யாரோ கண்ணு வச்சிட்டாங்கன்னு உப்பு மிளகா சுத்தக் கெளம்பிட்டாங்க. "ஆஸ்பத்திரிலயா? கம்முனு உக்காரும்மா"ன்னு கத்திட்டேன். எனக்குப் பயம் வந்தா கோவமாத்தான் வெளிய வரும்.

கொழந்த டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. கிருமி இல்ல, சர்க்கரையும் சரியா இருந்துச்சு. அப்புறம் தங்கச்சிகிட்ட, மாசமா இருந்தப்ப என்னென்ன மாத்திரை போட்டன்னு கேட்டாங்க.

"இரும்புச் சத்து, கால்சியம். அவ்ளோதான் டாக்டர்."

அவ பொய் சொல்லல. எங்க பக்கம் மெடிக்கல்ல வாங்கற செட்டு மாத்திரைய யாரும் மருந்துக் கணக்குல சேக்கறதே இல்ல. 'உடம்பு வலிக்கு ஒரு செட்டு'ன்னு கேட்டா, கலர் கலரா நாலு மாத்திரைய வெட்டிச் சின்னக் கவர்ல போட்டுக் குடுப்பாங்க. பேரு யாருக்குத் தெரியும்? அவ இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல துணி கம்பெனில நின்னுக்கினே செக்கிங் பண்றவ. கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே முதுகு வலி.

"ஏய், அந்த முதுகு வலி செட்டு போட்டியே?"ன்னேன்.

"அது தினமும் போடறதுதானேக்கா."

டாக்டரம்மா மொகம் மாறிடுச்சு. "அது என்ன மாத்திரைன்னு தெரியணும். தெரிஞ்சாத்தான் கொழந்தைக்குச் சரியான வைத்தியம் பண்ண முடியும். சீக்கிரம்"னாங்க. அவகிட்ட ஒண்ணுகூட மிச்சமில்ல. நான் ஆட்டோ புடிச்சு எங்க ஏரியா மேனாம்பேடு மெடிக்கலுக்கு ஓடினேன்.

முதுகு வலி செட்டுல போடற மாத்திரை என்னன்னு கேட்டேன். கடைக்காரர் என்னப் பாக்காமலே, "அந்த மாதிரி மாத்திரையெல்லாம் நம்மகிட்ட கிடையாதும்மா"ன்னுட்டார். பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க. நான் நவுரல.

"அண்ணாத்தே, உன்ன மாட்டி வுட வரல. பச்சக் கொழந்த நடுங்கிக்கினு கீது. பேரச் சொல்லு, போயிடறேன். சொல்லாங்காட்டி இங்கயேதான் நிப்பேன்."

நின்னவங்களுக்கெல்லாம் மருந்து குடுத்து அனுப்பினார். அப்புறம் கீழ் டிராயரத் தொறந்து ஒரு மாத்திரை அட்டைய எடுத்து மேல வச்சார். நான் செல்லுல போட்டோ எடுத்தேன். "பாப்பாவாம்மா, பையனா?"ன்னு கேட்டார். நான் அதுக்குள்ள ஆட்டோகிட்ட ஓடிட்டேன்.

டாக்டரம்மா போட்டோவப் பாத்ததும் ஒரு பெருமூச்சு விட்டாங்க. "இது அபின் வகையச் சேந்த வலி மாத்திரை. வயித்துல இருக்கும்போதே கொழந்த உடம்புக்கு இது பழகிடுச்சு. பொறந்ததும் திடீர்னு நின்னு போச்சு, அதான் இந்தப் பாடு. சரி பண்ணிடலாம். நாளாகும்." தங்கச்சிக்கு வேத்துக்கினே இருந்துச்சு, ஓயாம கொட்டாவி விட்டா. பிரசவ அலுப்புன்னு நெனச்சோம். மாத்திரை நின்னதால அவளுக்கும் அதே கதைதான்னாங்க டாக்டரம்மா.

லைட்ட அணைச்சு, கொழந்தைய இறுக்கிச் சுத்தி, சொட்டு மருந்து குடுத்தாங்க. மெல்ல மெல்லக் கொறச்சு நிறுத்தணுமாம். சாயங்காலம் பாலாடைல குடுத்த பால மொத தடவையா முழுசாக் குடிச்சுது. அப்படியே தூங்கிடுச்சு. எங்க அம்மா சத்தம் வராம அழுதாங்க.

தங்கச்சி அழல. கொழந்தையவே பாத்துக்கினு இருந்தா.

"எனக்கு முதுகு வலிச்சுது, முழுங்கினேன்"னா. "கொழந்தைக்கு இன்னாக்கா வலிச்சுது?"