காய்ச்சல் என்று மட்டும் எழுதாதீர்கள்

லீவு கேட்டு வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்தைப் பார்த்தே, ஒரு நாளா மூன்று நாளா என்று சொல்லிவிடுகிற தொழில் எங்களுடையது. குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் எட்டு வருடமாக லீவு ரிஜிஸ்டர் எழுதுகிறேன். ஊருக்கே லீவு எழுதித் தந்துவிட்டுத் தனக்கு ஒரு நாள் கேட்க நா எழாமல் தவிக்கிறவர் உங்களில் யாராவது இருந்தால், இது உங்களுக்காகத்தான்.

ஒரே கடிதம்

எங்கள் எஸ்டேட்டில் லீவு லெட்டர் என்றால் ஒன்றே ஒன்றுதான். 'எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்' என்று தொடங்கும், 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள' என்று முடியும். எப்போதோ இருந்த ஒரு மேனேஜர் உடம்பு சரியில்லை என்றால் மட்டுமே லீவு தருவாராம். அவர் போய்விட்டார், லெட்டர் மட்டும் தங்கிவிட்டது. கல்யாணம், காது குத்து, கிடா வெட்டு, மச்சினன் மனைவியின் வளைகாப்பு, எல்லாவற்றுக்கும் காய்ச்சல்தான். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதிக் கொடுத்துக் கைநாட்டு வாங்குவேன்.

வந்த புதிதில் எனக்கு இது பொறுக்கவில்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற கணேசனிடம், "மாரியம்மன் திருவிழாவுக்குப் போறீங்க, அதையே எழுதலாமில்ல?" என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"உள்ளதை எழுதினா அந்த மாரியாத்தாளுக்கே லீவு கெடைக்காதுங்க, காய்ச்சல்னே போடுங்க."

பத்து நாள்

கொரோனா இரண்டாவது அலை வந்தபோது முதலில் மூடியது பிள்ளைக் காம்பராவை. கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. என் மகள் தாரிணியும் அங்கேதான் இருந்தாள். அவளுக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. கணவர் வடநாட்டு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். குழந்தையை யாரிடம் விடுவது? மேட்டுப்பாளையத்திலிருந்து நாத்தனார் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஜீப் வளைவில் திரும்பும் வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஊரடங்கு. அதற்கு மறுநாள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள்: மலை இறங்கித் திரும்புகிறவர்கள் பதினான்கு நாள் குவார்ட்டர்சிலேயே தனித்திருக்க வேண்டும், அது அவரவர் சொந்த லீவில் கழியும், வெளியாட்களுக்கு, குழந்தைகள் உட்பட, எஸ்டேட்டுக்குள் அனுமதி இல்லை. அந்தத் தாளை டைப் செய்ததே நான்தான். 'குழந்தைகள் உட்பட' என்ற இடத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

என் கையில் பன்னிரண்டரை நாள் லீவு இருந்தது. ஒன்றரை நாள் குறைந்தால் என்ன, சம்பளம் இல்லாமல் போய்வரலாம் என்று ஈ-பாஸுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பிள்ளைக் காம்பராவின் ஆயா சாவித்திரியக்கா பூட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் தரும்போதே சொல்லியிருந்தார்.

"பத்து நாளுதானுங்க அம்மணி, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்போயிரும்."

கணேசனின் காய்ச்சல்

அந்த வாரத்தில்தான் கணேசன் ஆபீசுக்கு வந்தார். தேவாலாவில் மச்சானுக்கு நிச்சயதார்த்தம், வீட்டோடு இருபது பேர், கூடலூர் வரை ஒரு பால் வண்டிக்காரர் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார், எல்லாவற்றையும் வாயால் விளக்கமாகச் சொன்னார். பிறகு பையிலிருந்து லெட்டரை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். நானும் பேச்சுவாக்கில் சீல் வைத்து மேனேஜர் மேசைக்கு அனுப்பிவிட்டேன்.

என்ன எழுதியிருந்தார் என்று உங்களுக்குத் தெரியும். காய்ச்சல் என்ற சொல் எங்கே கண்ணில் பட்டாலும் உடனே தகவல் சொல்ல வேண்டும் என்று மேனேஜருக்கு உத்தரவு. ஒரு மணி நேரத்தில் சுகாதாரத் துறை வண்டி வந்து நின்றது. கணேசன் குடியிருந்த லைன் வீடுகளின் இரண்டு பக்கமும் தகரம் அடித்தார்கள். "எனக்குக் காய்ச்சல் இல்லீங்க, நிச்சயதார்த்தமுங்க" என்று அவர் கத்தினார். காய்ச்சல்காரர்கள் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள் என்று சொல்லி அவர் மூக்கில் குச்சியை விட்டார்கள். லெட்டரைக் கையில் வாங்கியது யார் என்று அடுத்த கேள்வி. நான் கையைத் தூக்கினேன். எனக்கும் குச்சி, குவார்ட்டர்சிலேயே அடைப்பு.

நாலாம் நாள் எங்கள் இரண்டு பேருக்கும் நோய் இல்லை என்று ரிசல்ட் வந்தது. ஆனால் எஸ்டேட் ரூல் பதினான்கு நாள். தகரத்துக்கு மேலே தலையை நீட்டி, தூரத்தில் என் குவார்ட்டர்ஸ் ஜன்னலைப் பார்த்துக் கணேசன் கூப்பிட்டார்.

"காய்ச்சல் இல்லைன்னு எழுதித் தர்றதுக்கு ஏதாச்சும் லெட்டர் இருக்குங்களா, கிளார்க்கம்மா?"

ஜன்னல்

என் குவார்ட்டர்ஸ் பின்பக்க ஜன்னலில் நின்றால், பனி விலகுகிற நேரம், கீழே மேட்டுப்பாளையம் தெரியும். பவானி ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு இந்தப் பக்கம் பாக்குத் தோப்புகள். அந்தத் தோப்புகளை அடுத்த தெருவில்தான் என் பிள்ளை இருந்தாள். பஸ் ஓடினால் ஒன்றரை மணி நேரம். பதினான்கு நாளும் அந்த ஜன்னலில்தான் நின்றேன். குழந்தையின் தலை வாசனை நினைவுக்கு வந்தால் அடுப்பில் வைத்ததை மறந்துவிடுவேன். இதை வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவளுடைய ஒரு சின்ன சொக்காயைத் துவைக்காமலே வைத்திருந்தேன்.

பதினைந்தாம் நாள் ஆபீசுக்குப் போனதும் ரிஜிஸ்டரில் என் பெயருக்கு நேரே நானே எழுதவேண்டி வந்தது: பன்னிரண்டரை நாள் லீவு கழிந்தது, ஒன்றரை நாள் சம்பளமில்லை, மீதி பூஜ்யம். அன்று மத்தியானம் ஈ-பாஸும் வந்து சேர்ந்தது. அடைத்துவைத்தது எஸ்டேட், லீவு போனது என்னுடையதா என்று பெரிய கிளார்க் சாரிடம் கேட்டேன். நல்ல மனிதர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நியாயம் எனக்கும் தெரியுதும்மா, ஆனா கம்பெனியில இருந்து ஒரு லெட்டர் வராம நான் ஒரு கோடு அடிக்க முடியாது."

பதினோரு காது குத்து

அடுத்துத் தடுப்பூசி வந்தது. ஊசி போடாதவர்களுக்கு மஸ்டர் ஏட்டில் பேர் இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எங்களிடம் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் சொல்வார்கள். பேர் இல்லையென்றால் அன்றைக்கு அடுப்பு இல்லை. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நான் முதல் ஆளாக நின்றேன். இரண்டு ஊசி போட்டவர்கள் மலை இறங்கி ஏறினால் பதினான்கு நாள் கிடையாது என்று நோட்டீசில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே எண்பத்து நாலு நாள். காலண்டரில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். லீவு பூஜ்யமாக இருக்கிறதே, அன்றைக்கு எதை வைத்துப் போவது என்பதை மட்டும் யோசிக்காமல் ஒத்திப்போட்டேன்.

ஊசி போட்ட மறுநாள் காலை என் மேசையில் பதினோரு லெட்டர்கள். பதினொன்றிலும் காரணம், வீட்டில் காது குத்து. கொழுந்து எடுக்கும் பாக்கியம்மா நடுங்கிக்கொண்டே வந்து நின்றார். சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர், வீட்டில் ஒற்றை ஆள். யாருக்குக் காது குத்து என்று கேட்டேன். அவர் என் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தார். அனல்.

"ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது தாயி, ஆனா காய்ச்சல்னு எழுதினா தகரம் அடிச்சிருவாங்களே."

மேனேஜர் அறை

பதினோரு லெட்டரையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் வரிசையாகப் படித்துவிட்டு, "ஊரில் இன்று காது மிச்சம் இருக்கிறதா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி போடச் சொன்னது நீங்கள், ஊசியால் வந்த காய்ச்சலுக்கு லீவு யாருடையது என்று கேட்டேன். அடைத்துவைத்தது நீங்கள், அந்தப் பதினான்கு நாள் யாருடையது என்றும் கேட்டேன். எட்டு வருடத்தில் அந்த அறையில் நான் உட்காராமல் பேசிய நீளமான பேச்சு அதுதான். முடிக்கும்போது, என் பிள்ளையைப் பார்த்து ஒன்றரை மாதம் ஆகிறது சார் என்று, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன்.

அவர் பதினோரு லெட்டரையும் என் எதிரிலேயே ஒரு கவரில் போட்டு ஹெட் ஆபீசுக்கு அனுப்பினார். ஐந்து வாரம் கழித்துக் கம்பெனி லெட்டர் வந்தது. ஊசி போட்ட மறுநாளுக்குச் சம்பளத்தோடு தனி லீவு. எஸ்டேட் உத்தரவால் தனித்திருந்த நாட்களை யாருடைய லீவிலும் கழிக்கக் கூடாது. பெரிய கிளார்க் சார் ஸ்கேலை எடுத்து, என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு அடித்து, பன்னிரண்டரை என்று மறுபடி எழுதினார்.

"இந்தக் கோட்டை அடிக்கத்தான் இத்தனை நாளாப் பேனாவ மூடாம வெச்சிருந்தேன், போய்ட்டு வாம்மா."

காரணம்

பழைய ஈ-பாஸ் அதற்குள் காலாவதியாகியிருந்தது. இரண்டாவது ஊசி போட்டு, பஸ்ஸும் ஓடத் தொடங்கிய வாரம் என் லெட்டரை எழுத உட்கார்ந்தேன். கை தானாக 'எனக்குக் காய்ச்சலாக' என்று போயிற்று. கிழித்துவிட்டு, 'என் மகளைப் பார்க்க வேண்டும்' என்று எழுதினேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். காரணத்துக்கு நேரே ஒரு சின்ன டிக்.

பர்லியாறு தாண்டியதும் காதடைத்து, உஷ்ணக் காற்று முகத்தில் அடித்தது. நாலு மாதத்தில் தாரிணியை நான் பார்த்ததெல்லாம் நாத்தனார் போனில், தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு. எங்கள் மலையில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற நேரம் அதுதான். போன் வைக்கும்போதெல்லாம் திரைக்கு முத்தம் கொடுப்பாள், திரை நனைந்து முகம் கலங்கிப்போகும்.

மூன்று மணிக்கு வாசலில் போய் நின்றேன். வளர்ந்திருந்தாள். முடி வெட்டியிருந்தார்கள். மாஸ்க்கைக் கழற்றினேன், கைகளை நீட்டினேன். அவள் நாத்தனாரின் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு வந்திருக்காங்க பாரு கண்ணு, அம்மா!" என்றார் நாத்தனார். தாரிணி தலையை ஆட்டி மறுத்தாள். வந்தவர்களிடம் மரியாதையாகப் பேச நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.

"அம்மா ஏழு மணிக்குத்தானுங்க வருவாங்க, நீங்க அதுவரைக்கும் உள்ள வந்து உக்காருங்க."

அடைபட்டுக் கிடந்த அந்தப் பதினான்கு நாளைக்கூட எப்படியோ கழித்துவிட்டேன், சக கிளார்க்குகளே, சம்பளத்தோடு லீவு எடுத்துக்கொண்டு போய், என் பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் அம்மாவுக்காக அவளோடு சேர்ந்து காத்திருந்த அந்த நாலு மணி நேரத்தைத்தான் எந்தக் கணக்கில் கழிப்பது என்று இன்னும் தெரியவில்லை.