என் கவுன்ட்டருக்கு வந்து நின்றவர்

போன வருடம், குறுவை நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். பாபநாசம் மெயின் ரோட்டில் புதிதாக வந்திருந்த பெரிய தள்ளுபடிக் கடையில் நான் பில் போடும் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பக்கத்திலேயே எங்கள் கிராமத்தில் என் கணவருக்கு ஒரு மளிகைக் கடை உண்டு. பெரிய கடை வந்தபின் அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வழி? அதனால்தான் அங்கேயே சேர்ந்தேன்.

மனிதர் கொதித்துவிட்டார். "நம்ம வயித்துல அடிச்சவன்கிட்டயே போயி கைகட்டி நிக்கப் போறியா? அந்தக் கடை வாசப்படிய நான் மிதிச்சா ஏன்னு கேளு" என்றவர், அத்தோடு என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். எதுவானாலும் மகள் வழியாகத்தான். "உங்கம்மா ஏசில ஜம்முன்னு உக்காந்திருக்கா, நம்ம பாடு அவளுக்கு எங்க தெரியப் போவுது?" என்று என் காதில் விழும்படி அவளிடம் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிடிவாதத்தில் நான் மட்டும் குறைந்தவளா? நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் எனக்கு லீவு. கும்பகோணத்தில் சரக்கு எடுக்கப் போவதாக மகளிடம் சொல்லிவிட்டு மதியம் அவர் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு கடையிலிருந்து போன். கூட வேலை செய்யும் பெண்ணுக்குக் காய்ச்சல், உடனே வா என்றார்கள். போனேன்.

சாயங்காலம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்புகளாகக் கிடந்தன. கோயிலுக்குள் வருவதுபோலக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தவர்கள் எங்கள் ஊர் நடவுப் பெண்கள். காலில் சேறுகூடக் காயவில்லை. எல்லோர் கையிலும் அதே இரண்டு பாக்கெட் எண்ணெய், அதே இரண்டு பாக்கெட் சர்க்கரை. ஆஃபர் சரக்கு, ஒரு பில்லுக்கு அவ்வளவுதான் தருவோம். முன்னால் நின்ற அக்கா என்னைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார்.

"ஐயய்யோ, உனக்கு இன்னிக்கு லீவுன்னுல்ல சொன்னாரு!"

யார் சொன்னது என்று கேட்க வேண்டியே இருக்கவில்லை. வரிசையின் கடைசியில், துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு என் கணவர் நின்றிருந்தார்.

மொத்தக் கடை விலையைவிட எங்கள் ஆஃபர் விலை குறைவு. அதனால் தன் கடைக்குச் சரக்கு எடுக்க ஆள் திரட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! சிரிக்க வேண்டிய இடம்தான். என் கண்ணோ மேனேஜர் எங்கே என்று தேடியது. வியாபாரிகளுக்கு இப்படிப் பிரித்துப் பில் போட்டால் வேலை போய்விடும் என்று சேர்ந்த அன்றே எச்சரித்திருந்தார்கள். அதுவும் சொந்தப் புருஷனுக்கு! பயந்தபடியே மேனேஜர் வந்துவிட்டார்.

"என்னம்மா, எல்லாரும் ஒரே சாமானா எடுத்திருக்காங்க? பின்னாடி நிக்கிறவர் யாரு?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "எங்க வீட்டுக்காரர் சார். மளிகைக் கடை வச்சிருக்கார்."

மேனேஜர் வரிசையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "ஆளுக்கு ஒரு பில்லுதானே? மாசக் கடைசி, டார்கெட் இன்னும் முடியல. சீக்கிரம் போட்டு அனுப்புங்க" என்று நகர்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது.

கடைசியாக என் வீட்டுக்காரர் வந்தார். வாசப்படி என்னாயிற்று என்று கேட்க நாக்கு துடித்தது. அவரோ எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டே என் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே நாற்காலி எதுவும் இல்லை.

"நாள் பூரா நின்னுக்கிட்டேவா?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு என் முகம் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

வேலை முடிந்து வெளியே வந்தால், பெண்களையும் சரக்கையும் லோடு ஆட்டோவில் அனுப்பிவிட்டு பைக்கோடு எனக்காகக் காத்திருந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கும் சர்க்கரை அதே வெலதானா?"

நான் சிரித்த சிரிப்பில் மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

எங்கள் கடை இன்னும் நடக்கிறது, எத்தனை நாளைக்கு என்று தெரியாது. ஆனால் வேலை விட்டு வந்து நான் காலை நீட்டி உட்காரும்போது, மகளைத் தூது விடாமல் அவரே "வெந்நி போடட்டுமா?" என்று கேட்கிறார் பாருங்கள், பிழைப்பு எப்படிப் போனாலும் சமாளித்துவிடுவோம் என்ற தெம்பு அப்போதே வந்துவிடுகிறது.