அசிட்டும் பிளீச்சும்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். அன்று வகுப்புக்குப் போகும் அவசரத்தில், வீட்டு வேலைக்கு வரும் செல்வி அக்காவிடம், "பாத்ரூமுக்கு அசிட்டும் பிளீச்சும் சேர்த்து ஊத்துங்கோ" என்றேன்.

சற்று நேரத்தில், "கண்ணு எரியுதுங்க டீச்சர்" என்றார்.

"சாட்டுச் சொல்லாமல் முடியுங்கோ."

பிறகு அவர் விழும் சத்தம் கேட்டது. ஓடினேன். நான் வருடாவருடம் படிப்பிக்கும் அதே குளோரின் வாயு மூக்கில் அடித்தது. மூச்சுத் திணறிக் கிடந்தவரை வெளியே இழுத்து வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அவரைத்தான் ஏசினார். "இரண்டையும் கலக்கலாமோ? படிச்ச ஆக்கள் ஆரும் இப்படிச் செய்வினமோ?"

செல்வி அக்கா என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சுகமானதும் தன் ஊரான ஹற்றனுக்கே போய்விட்டார். அந்த டொக்டர் மேல் எனக்கு இன்னும் கோபம். பேசாமல் நின்ற என் மேல் அதைவிடக் கோபம்.