பித்தளை மூடியில் வைத்த பொட்டு

மலாயாவில், மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால் காய்ச்சும் ஸ்டோரின் இஞ்சினைப் பதினாலு வருஷம் பார்த்துக்கொண்டவர் மருதமுத்து. பழுதான சாமானைக் கண்டால் பிரித்துப் போடாமல் அவருக்குச் சோறு இறங்காது. ரப்பர் விலை படுத்த வருஷம், 1931இல், அந்த இஞ்சினையே நிறுத்திவிட்டார்கள். வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப் பெயர் எழுதினார்கள். அவருக்கும் பெண்டாட்டி பெரியநாயகிக்கும் ஊரில் ஒதுங்க ஒரு கூரை கிடையாது. இங்கே பிழைக்க வழி இருக்கிறது என்று காட்டினால்தான் பெயரை அடிப்பார்கள்.

பெரியநாயகியின் ஆப்பத்துக்குத் தோட்டத்தில் நல்ல பெயர். டவுனில் ஒரு சீனர் தன் கடை வாசலில் இடம் கொடுத்தார். "ஆசாப் தா போலே லா" என்று கண்டிப்பாகச் சொன்னார். புகை கூடவே கூடாதாம். விறகடுப்பு அத்தோடு போயிற்று.

அப்போதுதான் தோட்டத்துத் துரையின் அடுப்பு வந்து சேர்ந்தது. துரை சீமைக்குப் போனதும் பங்களா சமையல்காரர் அங்கமுத்து அதைக் கொண்டுவந்து கொடுத்தார். பித்தளைத் தொட்டி, கைப்பம்பு, எல்லாம் சரி. ஆனால் அது பெட்ரோலில் எரிவது. ஆப்பம் சுடப் பெட்ரோலுக்கு எங்கே போவது? மண்ணெண்ணெய் என்றால் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

எட்டு நாள் மருதமுத்து அதோடு மல்லுக்கட்டினார். மண்ணெண்ணெய் சூடேறி ஆவியாகாமல் நீலமாக எரியாது. அதனால் எரிமுனைக்கு அடியில் சாராயம் ஊற்றிக் கொளுத்த ஒரு கிண்ணம் வைத்தார். மூன்று தினுசு முனை கடைந்து பார்த்தார். தொட்டிக்குள் அழுத்தம் மிஞ்சினால் வெளியேற, மூடியின் நடுவில் ஒரு துளையும் அதற்குள் சின்ன ஸ்பிரிங்கும் பொருத்தினார்.

"அதுக்கும் மூச்சு விட வழி வேணும்ல, புள்ள" என்று பெருமையடித்துக்கொண்டார்.

அடுப்பு புகையில்லாமல் எரிந்தது. இருபது நாள் ஆப்பம் விற்ற பிறகு தோட்டத்து ஆபீஸ் கிராணி கப்பல் பட்டியலில் அவர்கள் பெயரை அடித்தார். அன்றைக்கு மருதமுத்து நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆயுதபூசை வந்தது. சுத்தியல், ஸ்பானர், அரம் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தார்.

"அடுப்புக்கும் பொட்டு வைங்க. நமக்குச் சோறு போடுறது அதுதானே" என்றாள் பெரியநாயகி.

பொட்டு வைக்க முகம் போல இருந்தது மூடிதான். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, நட்டநடுவில் கட்டைவிரலால் அழுத்தி அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். எட்டு நாள் உட்கார்ந்து போட்ட துளை அந்த மனுஷனுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. பூசைக்கு வைத்த ஆயுதத்தை அன்று தொடக்கூடாது. சந்தனம் ஆற அமரக் காய்ந்து இறுகியது.

விஜயதசமி காலையில் பொட்டைத் துடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அப்படியே பற்றவைத்தாள். கூட்டம் நெருக்கியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பம்பை அடித்தாள். தொட்டி வெடித்தது.

இரண்டு மாதம் மலாக்கா ஆஸ்பத்திரி. முகத்தில் பாதி வெந்துபோனது. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆப்பக் கரண்டி பிடிக்க இனி அந்தக் கை ஆகாது.

மூடி சாக்கடையில் கிடந்தது. மருதமுத்து எடுத்துப் பார்த்தார். துளைக்குள் சந்தனம் ஓடு மாதிரி வெந்து கிடந்தது. அடைத்தது தன் பொட்டுதான் என்று தெரிந்தது; மூடியை மடியில் முடிந்துகொண்டார். தோட்டத்தில், "பெட்ரோல் குடிச்சுப் பழகின அடுப்பு, மண்ணெண்ண ஒத்துக்கல" என்றார்கள். ஆமாம் என்று தலையாட்டினார். கோழைத்தனம்தான், வேறென்ன?

பட்டியலில் பெயர் மறுபடி ஏறியது. கப்பலுக்குக் காத்திருந்த கொட்டகையில் ஒரு பொம்பளை, "முகத்துல என்னம்மா?" என்று கேட்டாள்.

"அடுப்பு வெடிச்சிருச்சுக்கா. செத்திருக்க வேண்டியவ. முந்தின நாளு இவரு தன் கையால அதுக்குப் பொட்டு வெச்சாரு. அந்தச் சாமிதான் என் உசுரக் காப்பாத்துச்சு" என்றாள் பெரியநாயகி. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அந்த மூடிய எடுத்து வெச்சீங்களா?"

மருதமுத்து மடியிலிருந்து மூடியை எடுத்துக் கொடுத்தார். ஒட்டிப்போன விரல்களால் அதை வாங்கி, அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.