கூன் இல்லை

சித்திரை வெயிலில் தகரக்கூரை காய்ந்து அனல் இறங்கும்போதும் என் தங்கை எஸ்தரின் உள்ளங்கை மட்டும் சில்லென்று இருக்கும். அறுபதுகளில், தாராவியில் தோல்கிடங்குக்குப் பின்னால் எங்கள் வீடு. அவளுக்கு ஆறு வயது. பார்த்தால் மூன்றுதான் மதிக்கலாம், ரயிலில் அவளுக்கு டிக்கெட் கேட்டவர் இல்லை. நாளுக்கு நாள் வெளுத்து வந்தவளைப் பார்த்து அடுத்த வீட்டுக் கனியக்கா, "ஏ மைனி, பம்பாய்த் தண்ணி ஒம் பிள்ளைக்குப் பிடிச்சிட்டு, சேட்டு வீட்டுப் பிள்ள மாதிரில்லா நெறம் வச்சிருக்கா!" என்பாள். "கண்ணு வைக்காதளா" என்று அம்மா சிரிப்பை அடக்கிக்கொள்வாள்.

அம்மாவின் கவலை வேறு. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். இருமி இருமி எஸ்தர் முன்பக்கம் வளைந்தே நடந்தாள். பெண்பிள்ளைக்குக் கூன் விழுந்துவிட்டால் யார் கட்டுவான் என்று அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. அப்பா ஒரு சாவுக்காக ஊருக்குப் போயிருந்த சமயம், தானே அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு இந்தியில் என்னென்னவோ சொன்னாராம். அம்மாவுக்குப் பிடிபட்டது "கூன் நஹி" என்பது மட்டும். மறுபடி வரச் சொன்னதுகூட அவளுக்குத் தெரியாது. "கூன் இல்லையாம்ளா!" என்று சந்து முழுக்கச் சொல்லி, கருப்பட்டிக் காப்பி போட்டு எல்லாருக்கும் கொடுத்தாள்.

அப்பா திரும்பி வர ஒரு மாதமாயிற்று. வாசலிலேயே அம்மா சந்தோஷமாகச் சொன்னதும், தலையிலிருந்த பெட்டியை இறக்காமல் நின்றார்.

"எட்டி, இந்தியில கூன்னா ரத்தம்லா! பிள்ளைக்கு ரத்தமே இல்லன்னுல்லா சொல்லிருக்கான்."

மறுநாளே ஓடினோம். ரத்தசோகையோடு நெஞ்சில் காசமும் இருக்கிறது, முன்னமே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். தெருவில் பிள்ளைகளோடு பழகிய இந்தியில் எனக்கு அது புரிந்தது. அப்பா அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அம்மாவுக்குத் தமிழில் சொல்லவேயில்லை. ஊசி போட அவளைத் தூக்கிக்கொண்டு நடந்ததில் என் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. மழைக்காலம் முடியுமுன் அவளும் போய்விட்டாள். கனியக்கா வந்து அந்த வெளுத்த கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சந்து இப்போது இல்லை, தோல்கிடங்கு இருந்த இடத்தில் அடுக்குமாடி. அம்மாவும் அப்பாவும் இல்லை. என் பேரப்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து, டாக்டர் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று சொன்னால் நான் விடுவதில்லை. எது இல்லை, எது இல்லை என்று அவர் பின்னாலேயே போய்க் கேட்கிறேன்.