இரண்டு பேர் கும்மி

சத்துணவு அடுப்படியின் புகை படிந்த சுவரில் சாய்ந்தபடி, சமையல் அக்கா தன் வலக்கையை இடக்கையால் தூக்கி என் தோளில் வைத்தாள். "புடிச்சிக்கோ டீச்சரு, கீழ வுட்டுடாத" என்றாள். அந்தக் கையின் கனம் இன்றும் நினைவில் இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் நான் பால்வாடி டீச்சர். அவள் அங்கே சமைத்தாள். புருஷன் விறகுக்கட்டையால் அடித்ததில் தோள் இறங்கி, சரியாக வைத்துக் கட்டாமலே ஆறிப்போயிருந்தது. கை மார்புக்கு மேல் எழாது. நானும் அந்த வருடம்தான் குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பறிகொடுத்திருந்தேன். ஊரார் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பதற்குள் மதியமே களைத்துப்போவேன்.

விழுப்புரத்தில் நடக்கவிருந்த பெண்கள் கூட்டத்துக்காகக் கும்மிக்கு ஆள் சேர்த்தார்கள். நாங்களும் போய் நின்றோம். ஆட்டம் பழக்கியவர் எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் வேணாம். இந்தக் கலருக்கு லைட்டு பத்தாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சேரிப் பெண்கள் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியும். கோபப்படவும் தெம்பில்லாமல் திரும்பி நடந்தோம். பாதி வழியில் அக்கா, "நாம ரெண்டு பேரே ஆடுனா என்னா?" என்றாள். கூட்டம் நடத்திய அம்மாவிடம் கெஞ்சிக் கடைசியில் ஓர் இடம் வாங்கினோம்.

கும்மிக்கு வட்டம் வேண்டும். இருவர் எப்படி வட்டம் கட்டுவது? பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில், பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு ஆடிப் பார்த்தோம். அவளால் கை தட்ட முடியாது. அவள் உள்ளங்கையில் நான் தட்டினேன். அவள் கை துவளும் இடத்தில் என் கை தாங்கியது. குழந்தையை ஏந்துவதுபோல் நான் குனியும் இடத்தில் அழுகை முட்டி நின்றுவிடுவேன். அவள் நிறுத்தமாட்டாள், என்னைச் சுற்றி வந்துகொண்டே இருப்பாள். "அழுதுக்கினே ஆடு, யாரு வேணாங்கறா?" என்பாள். கடைசியில் அதுவே எங்கள் ஆட்டமாயிற்று. ஒருத்தி நின்றுவிட்டால் மற்றவள் அவளைச் சுற்றி வட்டம் கட்டுவாள்.

மேடையேறும் முன் அவள் புருஷன் வந்து நின்றான். "ஆடிட்டு வூட்டுப் பக்கம் வந்துடாத" என்றான். அவள் படியேறினாள். ஆடி முடித்தோம். கைதட்டல் சுமார்தான். முன்வரிசையில் ஒருத்தி மட்டும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திண்டிவனத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும், பக்கத்து வீட்டில் விட்டிருந்த தன் மகள்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அக்கா என் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்தார். பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலில் போய்ப் படுத்தார். அந்தப் பெண்களுக்குக் கல்யாணம் ஆகும்வரை அவர்கள் எங்களோடுதான் இருந்தார்கள். அடுப்புக்கும் தண்ணீருக்கும் நாங்கள் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல.

இப்போது இருவருக்கும் முழங்கால் தேய்ந்துவிட்டது. மாதாமாதம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தே போகிறோம். போன முறை நர்ஸ் என்னிடம், "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்:

"கூடப் பொறந்தவ. ஜல்தியா மாத்திரையக் குடும்மா, பஸ்ஸு போயிடும்."