சேலம் ஜங்ஷனில் இறங்காமல் ஒரு பயணம்

விருத்தாசலத்திலிருந்து வரும் மீட்டர் கேஜ் பாதை சேலம் ஜங்ஷனோடு முடிந்துவிடும் என்பது ஆத்தூர்ப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். வண்டி நின்றதும் இறங்கி, பாலம் ஏறி, அடுத்த வண்டியில் இடம் பிடிக்க வேண்டும். மாநிலத்துக்குப் பெயர் மாறிய இந்த வருடம், ஓமலூர், தருமபுரி வழியாகப் பெங்களூர் போகும் புதுப் பாதையை இதனோடு சேர்த்துவிட்டார்கள். கடைசி இரண்டு பெட்டிகளில் ஏறினால் இறங்காமலே போகலாமாம். பெங்களூரில் தங்கையைப் பார்ப்பது எனக்கு ஒரு சாக்கு. முடிந்துபோன இடத்திலிருந்து வண்டி எப்படிக் கிளம்பும் என்று பார்க்கத்தான், கல்லூரி விடுமுறை விட்ட மறுநாளே ஆத்தூரில் அந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றில், மூன்றாம் வகுப்பில் ஏறினேன்.

எதிரே கெங்கவல்லி ஊரிலிருந்து வந்த ஒரு தம்பதி. மறுநாள் காலை தருமபுரியில் மகளுக்கு வளைகாப்பு. பிறந்த வீட்டு வளையல் போய்ச் சேராமல் சடங்கு தொடங்காது. வளையல் பையை மடியிலிருந்து இறக்காமலே வந்தார் கணவர்.

சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். வெயில் ஏறும்போது ஜங்ஷன் வந்தது.

"பெங்களூர் போறவங்க எறங்காதீங்க!" என்று ஒரு ரயில்வே ஊழியர் கத்திக்கொண்டே போனார். பெட்டியில் பாதிப் பேர் அதற்குள் இறங்கியிருந்தார்கள்.

"நீ மூட்டையப் பாத்துக்க. நான் போய் இடம் புடிச்சிட்டுக் கூப்புடறேன்" என்று பையோடு குதித்தார் கணவர்.

"எறங்க வேணாங்கறாங்களே!"

"அவனுக்கென்ன, சொல்லுவான். இடம் போனா நீதான் நிப்பியா?"

சற்று நேரத்தில் பெட்டி குலுங்கியது. எஞ்சின் பின்பக்கம் வந்து மாட்டியிருந்தது. எங்கள் இரண்டு பெட்டிகளை மட்டும் கழற்றி, வந்த திசையிலேயே இழுத்தது.

"ஐயோ, ஆத்தூருக்கே திரும்பிப் போவுதே! வளையல் அவருகிட்ட இருக்குது!" அந்த அம்மாள் கதவை நோக்கி ஓடினார். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஓமலூர்ப் பாதை அந்தப் பக்கமாகத்தான் பிரிகிறது என்று வரைபடத்தில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் மறுகை அபாயச் சங்கிலியை நோக்கி உயர்ந்திருந்தது.

ஜன்னலோரத்துத் திருச்செங்கோட்டுக்காரர் சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, லாரிய ரிவர்ஸ் எடுத்தா ஊட்டுக்கே திரும்பிப் போவுதுன்னா அர்த்தம்? சித்த உக்காருங்க."

அவர் சொன்னது சரிதான்; கொஞ்ச தூரம் போய்ப் பெட்டி நின்றது. பிறகு முன்னால் தள்ளியது. வேறொரு தண்டவாளத்துக்கு மாறி, நின்றிருந்த ஒரு வண்டியோடு 'டங்'கென்று இடித்துச் சேர்ந்தது. அதுதான் பெங்களூர் வண்டி. எங்களை ஒட்டிய பெட்டியின் வாசலில் வளையல் பையோடு நின்று பாலத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார் நம் ஆள்.

"இங்க இருக்கேன்யா!"

திரும்பியவர் திகைத்தார். "எறங்காம எப்படிடி வந்தே?"

"நீ எறங்கி என்னத்தக் கண்டே? ஏறு இங்க!"

"துண்டு போட்டு ரெண்டு இடம் புடிச்சிருக்கேன். அத உட்டுட்டா? நீ எறங்கி வா!"

என் பெட்டி பாதிக்கு மேல் காலி. அந்த அம்மாள் ஒரு கணம் காலி பெஞ்சுகளையும் அவர் முகத்தையும் பார்த்தார். பிறகு மூட்டைகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே நீட்டினார். நானும் கை கொடுத்தேன்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: கடைசி இரண்டு பெட்டிகளில் ஏறுங்கள், குடிநீரை ஆத்தூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஜங்ஷனில் வண்டி பின்னால் போனால் பயப்படாதீர்கள். இடத்துக்குக் கவலையே வேண்டாம்; இன்னும் சில மாதங்களுக்கு, எல்லோரும் இறங்கிவிடுவார்கள்.